சாந்தசேனையின் சைவச் சாப்பாடு

“மனித வரலாறு என்பது, மனிதன் தன்னைத் தானே தாக்கிக்கொள்வதை நிறுத்திக்கொண்ட வரலாறு. அவ்வரலாற்றின் இறுதி அத்தியாயம் வருகிற ஆவணித் திங்களில் கோவை மாநகரில் எழுதப்படவிருக்கிறது.”

அழைப்பிதழின் முதல் பக்கத்தில் தங்க நிற எழுத்தில் இப்படி இருந்தது. இரண்டாம் பக்கத்தில் தேதி, நேரம், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்கும் பதினொரு பேர், விழா முடிவில் சைவ விருந்து எல்லாம் இருந்தன. செல்கள் வளர்ந்துவிட்டனவா என்பது மட்டும் இல்லை.

வளரவில்லை என்று சொல்ல முடியாது. வளர்ந்தன. கெட்டு வளர்ந்தன.

இது ஆய்வு நிலையத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். செல் வளர்ப்புக் கூடத்தின் மூத்த டெக்னீஷியன் தொற்காள். நாசரேத் பக்கத்துக்காரி, கோவைக்கு வந்து பதினான்கு வருடம். கணவர் மஸ்கட்டில் ஏசி பழுது பார்க்கிறார். ஒன்பது வயதில் ஜெமிமா என்று ஒரு மகள். பன்னிரண்டு குழந்தைகளின் செல்கள் பன்னிரண்டு குடுவைகளில் வளர்ந்தன. அந்த மகளுடையவை பன்னிரண்டாம் குடுவையில் இருந்தன.

நிலையம் இருந்தது அவிநாசி சாலையில், மூடிப்போன ஒரு நூற்பாலைக்குள். நூல் சுற்றும் கதிர்கள் ஓடிய கூடத்தில் இப்போது வெப்பப் பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. ஆலைக்கு உரிமையாளரான திருமலைசாமி ஐயாதான் அறக்கட்டளைத் தலைவர். ஐயாவுக்கு இரண்டு லட்சியங்கள் உண்டு. ஒன்று, நோயில்லாத உலகம். மற்றொன்று, புலால் இல்லாத வளாகம். இரண்டாவது சீக்கிரம் நிறைவேறக் கூடியது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொண்டார். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் ‘புலால் உண்ணேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அறுபத்து நான்கு பேரும் போட்டிருந்தார்கள். தொற்காள் ஒரு திங்கட்கிழமை போட்டாள். முந்தின நாள் வைத்த கோழிக் குழம்பு அப்போது அவளுடைய சாப்பாட்டு டப்பாவிலேயே இருந்தது.

உடம்புக்கு வெளியே செல்களை வளர்ப்பவர்கள் எங்கேயும் ஏதாவது ஒரு சீரத்தை ஊற்றித்தான் வளர்ப்பார்கள். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர். பெரும்பாலும் கன்றுக்குட்டியுடையது. இதைக் கேள்விப்பட்ட அன்று ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி உட்கார்ந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் டாக்டர் குலோத்துங்கன், ஆறே மாதத்தில் பட்டாணி, பாசிப்பயறு, இளநீர் ஆகியவற்றிலிருந்து ஒரு திரவம் தயாரித்து, அதற்குச் ‘சைவ அமுதம்’ என்று பெயர் வைத்தார். அதில் வளரப்போகும் செல்களுக்குச் ‘சாந்தசேனை’ என்று பெயர் வைத்தார். பெயர் வைக்கும் கட்டம்வரை ஆய்வு எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தது.

“ம்மா, என் செல்லு இப்ப என்ன பண்ணிட்டிருக்கும்?” என்றாள் ஜெமிமா, பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், இரட்டைச் சடைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டே.

“தூங்கும். தலைய ஆட்டாதட்டி.”

“பொய். செல்லு தூங்காதுன்னு நீதான் சொன்ன.”

“ஒங்க கிளாஸ்ல டீச்சர் இல்லன்னா யாரு பாத்துப்பா?”

“லீடர். பேசறவங்க பேர போர்டுல எழுதுவா. அடிச்சுக்கிட்டா பிரிச்சு விடுவா.”

“அதேதான். உடம்புக்குள்ள காவல் காக்குற செல்லு கோடிக்கணக்கா உண்டு. கிருமி வந்தா அடிக்கணும். அதுல சிலது கூமுட்டை. கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லையே கிருமின்னு நெனச்சு அடிக்கும். அப்படி நாலு கூமுட்டை எல்லார் உடம்புலயும் இருக்கத்தான் செய்யும். லீடர் செல்லு வந்து அதட்டி உக்கார வச்சிரும்.”

“எனக்கு லீடர் லீவா?”

“ஒனக்கு லீடர் கொறச்சல். அதான் இருக்கிற லீடர வெளிய எடுத்து, நெறயப் பெருக்கி, கணையத்தோட அட்ரஸச் சொல்லிக்குடுத்து, திருப்பி உள்ள அனுப்புதோம்.”

ஜெமிமா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். “லீடரே பேட்ஜைக் கழட்டி வச்சிட்டு அடிக்க ஆரம்பிச்சா?”

சீப்பு நின்றுவிட்டது.

“எங்க பழைய லீடர் அப்படித்தாம்மா. பேட்ஜ் போனதும் அவதான் எல்லாரையும் அடிச்சா.”

“நேரமாச்சு. கிளம்பு,” என்றாள் தொற்காள்.

நான்கு நாட்களாக அவளைச் சாப்பிட விடாத விஷயம் அதுதான். லீடர் செல் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு புரத அடையாளம் உண்டு. கூடத்தில் எல்லோரும் அதைப் பேட்ஜ் என்றே சொல்வார்கள். பேட்ஜ் இருக்கும்வரை அந்தச் செல் சண்டையை விலக்கும். பேட்ஜை இழந்துவிட்டால் சும்மா இருக்காது, அதுவே அடிக்கத் தொடங்கும். சாதாரணக் கூமுட்டைச் செல் கணையத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு அந்த வேலையும் மிச்சம். அட்ரஸைச் சொல்லிக்கொடுத்து அனுப்பப்போகிறவர்களே இவர்கள்தாம்.

பேட்ஜ் உள்ள செல்களை எண்ணும் எந்திரம் முதல் நாள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றது. ஆறாம் நாள் பன்னிரண்டு குடுவையும் அறுபதுக்குக் கீழே.

ஜெமிமாவிடம் இன்னொரு எண்ணும் இருந்தது. குளுக்கோஸ் நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பார்த்தால், போன மாதம் நூற்று எழுபத்தாறு, இந்த மாதம் நூற்று எண்பத்தெட்டு. இருநூறைத் தொட்டால் அதற்குப் பெயர் முதல் வகை நீரிழிவு. அதன்பின் ஆயுள் முழுக்க ஊசி. நோய் வருவதற்கு முன்பே தடுக்கும் சிகிச்சை என்பதால், இருநூறைத் தொட்ட குழந்தையின் பெயரைப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள்.

டாக்டர் குலோத்துங்கன் ஒருவரிடம் பேசினாலும் மைக்கில் பேசுவது போலவே பேசுவார். எண்கள் எழுதிய தாளை அவர் முன் வைத்தாள் தொற்காள்.

“பேட்ஜ் கொட்டுது சார். பன்னெண்டுலயும்.”

“அம்மா தொற்காள், பேட்ஜ் என்பது என்ன? ஓர் அடையாளம். காவியைக் களைந்துவிட்டால் துறவி துறவியல்லவா?”

“துறவி கடிக்க மாட்டாரு சார். இது கடிக்கும்.”

“புதிய உணவு. பழகும்வரை சற்று வாடும். பசித்தால் எந்த உயிரும் சைவத்துக்குப் பழகும்.”

“கன்னுக்குட்டி சீரம் கேக்கல சார். மனுஷ சீரம் கொஞ்சம் சேத்தாப் போதும். இப்பவே ஊத்தினா நிமிந்துரும்.”

“மனித ரத்தம்!” டாக்டர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். மைக் அணைந்தது. “இதை ஐயாவிடம் யார் சொல்வது? நீ சொல்வாயா? அழைப்பிதழ் போய்விட்டதம்மா.”

அதற்கு மேல் அறிவியலில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அன்று மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு தொற்காள் கூடத்தின் கதவைச் சாத்தினாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பெயர், பதவி, அதற்குக் கீழே சிவப்பில் ‘ஏபி பாசிட்டிவ்’. அந்தப் பிரிவின் சீரம் யாருடைய செல்லோடும் சண்டைக்குப் போகாது. இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, பட்டையின் நுனியைப் பல்லால் இழுத்துப் பிடித்து, தானே குத்தி எடுத்தாள். உறையவிட்டு, எந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்த வைக்கோல் நிற நீரைச் சூடு காட்டிப் பன்னிரண்டாம் குடுவையில் ஊற்றினாள். மற்றக் குடுவைகளைப் பார்க்கவில்லை. ஒரு ஆள் ரத்தத்தில் மூன்று குடுவைக்கு ஊற்றலாம், மிஞ்சிப் போனால். பன்னிரண்டுக்கு ஊற்றினால் ஊற்றுகிறவள் எழுந்து நடமாட மாட்டாள். இந்தக் கணக்கை அவள் ஊற்றிய பிறகுதான் போட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் நாள் பன்னிரண்டாம் குடுவை தொண்ணூற்றொன்று. மற்றவை முப்பத்தேழு, முப்பத்து நான்கு, இருபத்தொன்பது என்று இறங்கிக்கொண்டே போயின.

அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தாள். பிறகு படி இறங்கி வந்தாள். பார்வையாளர் பெஞ்சில் மூன்றாம் குடுவையின் தாய் உட்கார்ந்திருந்தாள். அன்னூர்க்காரி, மேகலா என்று பெயர். மடியில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம்.

“ஏனுங்கக்கா, உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். தோட்டத்துதுங்க.”

“எதுக்கு இதெல்லாம்?”

“எம்பையனுது நல்லா வளருதுங்களாக்கா? ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க. ஏதோ பண்றமுன்னு பண்ணி, இருக்கறதையும் கெடுத்துப் போட்டமுன்னா...” அவள் முடிக்கவில்லை. “நீங்க கண்ணுல பாக்கறவங்க. நீங்க சொன்னா நம்பறனுங்க.”

“நல்லா வளருது,” என்றாள் தொற்காள்.

பொய் ஒன்றுமில்லை. நன்றாகத்தான் வளர்ந்தன. எண்ணிக்கையில் குறைவே இல்லை. எலுமிச்சம்பழப் பையை வாங்கிக்கொண்டு திரும்பியவள், மாடிப்படியின் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் கொடுத்ததால் வந்த கிறுகிறுப்பு என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ரத்தம் கொடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

எண்கள் எழுதிய தாளோடு நேரே இயக்குநரின் அறைக்குப் போனாள். ஒரு குடுவை தேறியிருக்கிறது, காரணம் இதுதான், மற்றதையும் காப்பாற்ற முடியும் என்று சொல்வதாகத் திட்டம். அறையில் திருமலைசாமி ஐயாவும் இருந்தார். விழாப் பந்தலுக்குச் சாமியானா வெள்ளையா மஞ்சளா என்று தீர்மானமாகிக்கொண்டிருந்தது.

தொற்காள் சொல்லி முடித்ததும் ஐயா டாக்டரைப் பார்த்தார். “டாக்டரு, இந்தம்மிணி சொல்றது எனக்கு வெளங்கலீங்க. ரத்தத்த ஊத்துனாளா? ஆரு ரத்தம்?”

“என் ரத்தந்தான்யா.”

“எத்தனைல?”

“ஒரு குடுவைல.”

டாக்டர் குலோத்துங்கன் தொண்டையைச் செருமினார். “பதற்றம் வேண்டாம் ஐயா. விதிமுறை தெளிவாக இருக்கிறது. முறை தவறிய குடுவை அழிக்கப்படும். மீதிப் பதினொன்றும் தூய்மையானவை. குறித்த நாளில் குழந்தைகளுக்குச் செலுத்தப்படும்.”

“ஒண்ணுதானுங்களா? அப்பச் சரி.” ஐயாவுக்கு மூச்சு வந்தது. “எந்த நெம்பரு அம்மிணி?”

தாள் டாக்டரின் கையில் இருந்தது. கெட்டது பதினொன்று, நல்லது ஒன்று. நல்லதைக் கொட்டிவிட்டுக் கெட்டதை ஏற்றப்போகிறார்கள், அதுவும் விதிமுறைப்படி. வாயைத் திறந்து ‘பன்னிரண்டு’ என்று சொன்னால் மகளின் குடுவை மட்டும் போகும். சொல்லாமல் நின்றால் அந்தத் தாளைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எப்படியும் அது போகும்.

“எல்லாத்துலயும்யா,” என்றாள்.

“இப்பத்தான ஒண்ணுன்ன?”

“பயத்துல சொல்லிட்டேன். பன்னெண்டுலயும் ஊத்திட்டேன்யா. ஒண்ணு விடாம.”

டாக்டர் தாளைப் பார்த்தார். வரிசையாக முப்பதை ஒட்டிய பதினொரு எண்களும், கடைசியில் ஒரு தொண்ணூற்றொன்றும். எண்ணத் தெரிந்த யாருக்கும் அது போதும், டாக்டருக்கு எண்ணத் தெரியும். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இப்போது விளங்குகிறது ஐயா,” என்றார். மைக் மறுபடி உயிர்பெற்றிருந்தது. “சில நாட்களாகவே பேட்ஜ் எண்ணிக்கை வீழ்ந்துகொண்டிருந்தது. நம் அமுதத்தில் குறையிருக்க வாய்ப்பில்லையே என்று நான் வியந்துகொண்டிருந்தேன். அந்நிய ரத்தம்தான் காரணம். சைவ அமுதம் குற்றமற்றது!”

“அட, அப்புடிங்களா! அப்ப அத்தனையும் கொட்டிப் போடுங்க.” ஐயா தொற்காளை ஏற இறங்கப் பார்த்தார். “உன்ற புள்ளையும் இதுல இருக்குதாமா. எப்புடி அம்மிணி மனசு வந்துது?”

பன்னிரண்டு குடுவையிலும் ப்ளீச் ஊற்றியது அவள்தான். வேறு யாருக்கும் குடுவைகள் இருந்த அலமாரியைத் திறக்கத் தெரியாது. ஒன்றிலிருந்து வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவதை எடுத்து வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். நல்ல வளர்ப்பு, மணல் கரைத்த மாதிரி சீராக இருந்தது. ஊற்றினாள். தெளிந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

“தொண்ணூற்றொன்றை நான் பார்த்தேன்,” என்றார்.

“பாத்தீங்கன்னு தெரியும் சார்.”

“உன்னை வேலையிலிருந்து நீக்கச் சொன்னார் ஐயா. மெமோவோடு முடித்திருக்கிறேன். உன்னை விட்டால் அந்த எந்திரங்களைத் தொட ஆளில்லை என்பதும் உண்மைதான்.”

“அமுதத்துக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கேன் சார். அதுக்குப் பதிலா ஒண்ணு கேக்கேன். அடுத்த வளர்ப்புக்கு மனுஷ சீரம் வேணும். பன்னெண்டுக்கும்.”

“ஐயா சம்மதிக்க மாட்டார்.”

“நீங்க பேசினா சைவமாயிரும் சார்.”

டாக்டர் பேசினார். ஐயா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். “மனுச ரத்தம் சைவமுங்களா, அசைவமுங்களா?”

“அது உண்பவரைப் பொறுத்தது ஐயா. பசு புல்லைத் தின்கிறது. அதனால்தானே பால் சைவம்?”

ஐயா யோசித்தார். “எருமைப்பாலும் அப்புடித்தானுங்க,” என்றார். அதற்கு அப்புறம் அவருக்குச் சந்தேகமே இல்லை. நிலையத்தின் அறுபத்து நான்கு பேரும் சைவம் என்பதற்குக் கையெழுத்து இருந்தது. புதிய திரவத்துக்குச் ‘சைவ அமுதம் – உயர்தரம்’ என்று பெயர் வைக்கப்பட்டது.

அழைப்பிதழ் போய்விட்டதால் விழாவும் குறித்த நாளில் நடந்தது. மேடையில் செல்களுக்குப் பதிலாக ஒரு கம்பியில் உப்புநீர்ப் பையைத் தொங்கவிட்டு, அதற்கு மாலை போட்டு, பதினொரு பேரும் வாழ்த்தினார்கள். சிகிச்சை வெற்றிபெற வேண்டி, இயக்குநர் நாற்பத்தெட்டு நாள் பழமும் வெந்நீரும் மட்டுமே உட்கொள்ளும் விரதம் தொடங்கியிருப்பதாக ஐயா மைக்கில் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. டாக்டர் எழுந்து நின்று, தலை குனிந்து, அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுக்கத் தொற்காள் மனிதர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. கேன்டீனில், லிஃப்டில், கேட்டில் எல்லோருடைய மார்பிலும் தொங்கும் அட்டையைத்தான் பார்த்தாள். ஓ, பி, ஓ, ஏ, பி, ஓ. அறுபத்து நான்கு பேரில் ஏபி பிரிவு ஐந்தே பேர். அவளுடைய ரத்தம்தான் முன்பு எல்லாவற்றையும் கெடுத்தது என்று பதிவாகியிருந்ததால் அவள் கொடுக்கக் கூடாது. மீதி நால்வர். வேன் டிரைவர், கணக்கர், வரவேற்பில் இருக்கும் பெண், டாக்டர் குலோத்துங்கன். ஆளுக்கு மூன்று குடுவை. நாலு மூணு பன்னிரண்டு, ஒரு சொட்டு மிச்சமில்லை.

குழந்தைகளிடமிருந்து மறுபடி ரத்தம் எடுத்து, லீடர் செல்களைப் பிரித்து, புதிய குடுவைகளில் போட்டாயிற்று. ஜெமிமாவின் எண் இப்போது நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொற்காள் டம்ளரை எண்ணினாள். தாகம் கூடியிருக்கிறதா, வெயிலா என்று புரியவில்லை.

“ஏம்மா நான் தண்ணி குடிச்சா முறைக்கற?”

“முறைக்கல. குடி.”

சீரம் சேர்க்க வேண்டிய நாள் வந்தது. அன்று மாலை ஏழு மணிக்குள் எல்லாக் குடுவைக்கும் ஊற்றியாக வேண்டும். அதைத் தாண்டினால் பசியில் பேட்ஜ் உதிர ஆரம்பித்துவிடும். டிரைவர், கணக்கர், வரவேற்புப் பெண் மூவரும் காலை ஒன்பதரைக்குள் வெறும் வயிற்றோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்பது குடுவைக்கு ஆயிற்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு டாக்டரை நம்பி நின்றன.

பத்து மணிக்கு அவர் வந்தார். கையோடு புகைப்படக்காரரையும் அழைத்து வந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு மூன்று கோணத்தில் படம் எடுத்தானதும் புகைப்படக்காரர் போய்விட்டார். தொற்காள் படிவத்தை நீட்டினாள். கொடுப்பவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுத வேண்டியது. சாயங்காலம் எல்லாப் படிவமும் ஐயாவின் அலுவலகத்துக்குப் போகும். கடைசியாக உண்டது என்ன, எவ்வளவு, எப்போது என்ற இடத்தில் டாக்டர் ‘வெந்நீர், ஒரு குவளை, காலை ஆறு’ என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

முழுப் பையும் எடுக்கும் முன் ஒரு சின்னக் குழாயில் எடுத்துச் சுழற்றிப் பார்ப்பது வழக்கம். எந்திரம் நின்றதும் தொற்காள் குழாயை வெளியே எடுத்தாள். மற்ற மூவருடையதும் வைக்கோல் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தன. இது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. இல்லை, அதையும் தாண்டி, பால்.

அவள் குழாயை மேஜையில் அவர் முன்னால் நிறுத்தினாள்.

“இது என்ன?” என்றார் டாக்டர். என்னவென்று தெரிந்த குரலில் கேட்டார்.

“கொழுப்பு சார். இத ஊத்தினா செல்லு மூச்சு முட்டிச் செத்துரும்.”

“எந்திரத்தைச் சரிபார்.”

“மத்த மூணு பேருக்கும் இதே எந்திரந்தான். சார், வெறும் வெந்நீர் குடிச்சும் இப்படி இருக்குன்னா ஒங்க ரத்தமே எப்பவும் இப்படித்தான்னு அர்த்தம். எடுக்கவே கூடாது. வேற ஏபி ஆள் இங்க கெடையாது. மூணு குடுவைய இப்பவே மூடி வச்சிருதேன்.”

டாக்டர் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். பிறகு மறுபடி மடித்தார்.

“காலையில் சிறிது பொங்கல் எடுத்துக்கொண்டதாக ஞாபகம்,” என்றார்.

“எவ்வளவு?”

“பிரசாதம். ஒரு தொன்னை.”

“ஒரு தொன்னைப் பொங்கலுக்கு இவ்வளவு வெளுக்காது சார்.” தொற்காள் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். “நான் ஒங்கள மாட்டிவிடக் கேக்கல. பொங்கல்னா ஒரு மணிக்கே தெளிஞ்சிரும். அதுக்கு மேலன்னா நாலரை ஆகும். முழுப் பை ஒரு தடவதான் எடுக்க முடியும். நான் ஒரு மணிக்கு எடுத்து, அதுவும் பாலா இருந்தா மூணு பிள்ளையளுக்கும் அவ்வளவுதான். எத்தன மணிக்கு எடுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்.”

“சொல்கிறேன். படிவத்தில் எதற்கு? அது ஐயாவிடம் போகும்.”

“படிவத்துல இருக்கிறதும் நான் எடுக்குற நேரமும் ஒத்து வரணும் சார். வெந்நீர் குடிச்ச ஆளுக்கு நாலரை வரைக்கும் ஏன் காத்திருந்தேன்னு கேப்பாங்க. முறை தவறிய குடுவைன்னு திருப்பியும் கொட்டச் சொல்லுவாங்க.” அவள் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பன்னெண்டாவதுக்கு ஒருக்க ப்ளீச் ஊத்தியாச்சு சார். இன்னொரு தடவ என்னால ஆகாது.”

வெப்பப் பெட்டி முனகியது. டாக்டர் குலோத்துங்கன் ஏதோ ஒரு நீளமான வாக்கியத்தை ஆரம்பிப்பது போல மூச்சை இழுத்தார். அதை அப்படியே விட்டுவிட்டார். பேனாவின் மூடியைத் திறந்து, ‘வெந்நீர்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்.

தொற்காள் படித்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. “நாலரைக்கு வாங்க சார்,” என்றாள். “அதுவரைக்கும் நிஜமாவே வெந்நீர் மட்டும்.”

நாலரைக்கு எடுத்தது வைக்கோல் நிறமாக இருந்தது. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டாம் குடுவைக்குச் சீரம் ஊற்றப்பட்டது. ஐயாவின் அலுவலகத்துக்குப் போன படிவங்களில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் சேர்த்தார்கள். பதினான்காம் நாள் பன்னிரண்டிலும் பேட்ஜ் எண்பத்தெட்டுக்குக் குறையவில்லை. அன்று காலை ஜெமிமாவின் எண் நூற்றுத் தொண்ணூற்றேழு. இருநூறுக்கு மூன்று குறைகிறது, பட்டியலில் பெயர் இருக்க அது போதும் என்றார்கள். நாற்பது நிமிடத்தில் செல்கள் இருந்த பை காலியானது. அவள் சின்ன ஸ்கிரீனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் மேகலாவின் பையன் தூங்கிவிட்டான். மேகலா தொற்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி பயமில்லீங்களேக்கா?” என்றாள். தொற்காள் தெரியாது என்றாள். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. அந்த எண் இறங்குமா, அங்கேயே நிற்குமா, ஏறுமா என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வின் முழு ஆவணமும் விதிமுறைப்படி எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் சீரம் வழங்கிய நால்வரின் படிவங்கள் உள்ளன. நான்காமவர் நிலையத்தின் இயக்குநர். அவர் அன்று காலை ஏழே கால் மணிக்கு இடியாப்பம் ஆறும் ஆட்டுக்கால் பாயா இரண்டு கிண்ணமும் சாப்பிட்டிருந்தார்.